இரண்டு பேர் பாரம்

பெட்டியின் தோள்பக்க அகலம் பதினெட்டரை அங்குலம் வந்தது. விஜிதரன் டேப்பைச் சுருள விட்டுவிட்டு மறுபடியும் இழுத்து வைத்துப் பார்த்தான். பதினெட்டரைதான்.

"என்னா விஜி, தச்சு வேலயும் பழகுறியா?" தோட்டத்துத் தச்சர் செல்லசாமி வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டே கேட்டார். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒங்கக்கா ஒடம்புக்கு இது தாராளம்."

"சும்மா பாத்தேண்ணே."

சும்மா பார்க்கவில்லை. கீழே தண்ணீரோரம் கட்டிப்போட்டிருந்த அவனுடைய படகின் உள்ளகலம் இருபது அங்குலம். அப்படியென்றால் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் மிஞ்சும். இந்தக் கணக்கை அவன் போட நினைக்கவில்லை. அதுவாகத் தலைக்குள் ஓடி முடிந்துவிட்டது. செல்லசாமி தூக்குவதற்கான இரும்பு வளையங்களைப் பெட்டியின் பக்கங்களில் வைத்து முடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வளையமும் ஒரு அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. விஜிதரன் அதையும் பார்த்தான்.

மணி பதினொன்றாகியிருந்தது. லயத்து வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் பெண்கள் தோளோடு தோள் கட்டி அழுது களைத்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வாங்குப் பலகையின்மேல் அவன் அக்கா நாகலெட்சுமி கிடந்தாள். நாற்பத்தேழு வயது. விடியற்காலை ஐந்தரைக்குத் தேத்தண்ணி கேட்டாள். ஆற்றி எடுத்து வருவதற்குள் போய்விட்டாள். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. மகள் நிலக்ஷி வெள்ளைத் துணியைக் கால் பக்கம் இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது அவளுக்கு; லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்துகிறாள். அழுகிற பிள்ளைகளைச் சமாளித்துப் பழகிய முகம், இன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.

அக்காவின் கணவர் அழகுமுத்துவின் கைபேசி ஒலித்தது. பேசியவர்கள் அக்கரைக்காரர்கள். குழி வெட்டியாயிற்று.

"வெட்டிட்டாங்களாம்," என்றார் அழகுமுத்து பொதுவாக. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழி வரைக்கும் எப்படிப் போவது என்பதுதான் இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தோட்டம் நீர்த்தேக்கத்தின் ஒடுங்கிய கை ஒன்றின் இரு கரையிலும் கிடந்தது. இந்தப் பக்கம் கீழ்கணக்கு என்ற பிரிவு: நாலு லயமும் ஒரு கோயிலும் தேயிலை அரைக்கும் ஸ்டோரும். அந்தப் பக்கம் மேல்கணக்கு: நோர்வூட் பஸ் போகும் பெரிய ரோடும் மயானமும். இடையில் தண்ணீர் அறுநூறு மீட்டர்தான். ஆனால் ரோடு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் போனது. மூன்று வாரத்துக்கு முன் பெய்த மழையில் அந்த ரோட்டின் ஐந்தாவது மைல் கட்டையில் மலை அப்படியே சரிந்து இறங்கிவிட்டது. அன்றைக்கே மீன்பிடிக்காரர்களின் இரண்டு வள்ளங்களையும் வெள்ளம் பாறையில் அடித்து உடைத்தது. இப்போது சரிவுக்கு மேலே, தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து ஒற்றை ஆளாக ஏறி இறங்கிப் போகலாம். ஒன்றரை மணித்தியாலம் ஆகும்.

"ஆளு போவலாம். பெட்டி போவாது," என்றார் தலைவர் பழனியாண்டி. கீழ்கணக்கில் நல்லது கெட்டது எதற்கும் அவர்தான் முன்னால் நிற்பார். "பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்தச் செங்குத்துல ஏறுனா, தூக்குற ஆறு பேருக்கும் சேத்துக் குழி வெட்டச் சொல்லணும்."

யாரோ சிரிக்க வந்து இருமலாக்கிக்கொண்டார்.

"இந்தப் பக்கமே ஒரு எடம் பாப்பமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தேயில நெலத்துல தோட்டத்துத் தொரை விடமாட்டாரு," என்றார் அழகுமுத்து. "விட்டாலும் எனக்கு இஷ்டமில்ல. அவ ஆத்தா அங்கதான் கெடக்கு. எங்க மொதப் புள்ளயும் அங்கதான்."

வெளியே தப்புக்காரர்கள் தாளைக் கொளுத்தித் தப்பின் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். புகை உள்ளே வந்தது. விஜிதரன் வாசற்படியில் நின்றான். எல்லாரும் தன்னைப் பார்க்காமல் இருக்க முயல்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

கடைசியில் அழகுமுத்துதான் சொன்னார். "போட்ல கொண்டு போவோம்."

"முடியாது மச்சான்."

"ஏன் முடியாது?"

"அது இன்னும் ஆள் ஏத்துற நெலமைக்கு வரல. ரெண்டு பேர் பாரத்துல ஓட்டிப் பாக்கணும்."

"ஒர மூட்டய வச்சு ஓட்டுனியே."

"அப்ப ஒழுகுச்சு. அதுக்கப்புறம் அடியில சட்டம் போட்டேன். போட்டப்புறம் பாரம் ஏத்தல. சும்மா பெட்டிய ஏத்திட்டு நடுத் தண்ணியில போய்..."

"அட, இனிமே என்னா மாப்ள?" அழகுமுத்துவின் குரல் உயரவில்லை. "அவ முழுகிச் செத்துருவாளா?"

தலைவர் செருமினார். "இந்தா விஜி. பொம்பள சாவுக்குப் பொறந்த வீட்டு ஆளு சம்மதம் இல்லாமப் பொணத்த எடுக்கிறதில்ல. ஒங்கப்பா ஆத்தா ரெண்டும் இல்ல. பொறந்த வீடுன்னா இன்னைக்கு நீ ஒருத்தன்தான். படகும் ஒன்னோடது. நீ சொல்றதுதான்."

விஜிதரன் படியிறங்கி, மரக்கறிப் பாத்திகளைத் தாண்டிக் கீழே போனான்.

படகு தண்ணீரில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. பதினாலடி நீளம். ஒரு பக்கம் மூன்றடி தள்ளி, இரு முனையும் அடைத்த பெரிய பிவிசி குழாய் ஒன்று மிதந்தது. ஒல்லியான படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தக் குழாய் தண்ணீரில் அமுங்க மறுக்கும். மறுபக்கம் சாய்ந்தால் அதன் கனம் இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

படகு கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது போன வருஷம், அக்காவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியபோது. திங்களும் வியாழனும் கிளினிக். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டால் குடிக்கிற தண்ணீருக்கு வெளியேற வழியில்லை என்று நர்ஸ் விளக்கினாள். அது உடம்பிலேயே தங்கும், காலில் இறங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். மெஷின் அதை வெளியே எடுக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் எடை பார்ப்பார்கள். விஜிதரனுக்கு அது உடனே புரிந்தது. ஒவ்வொரு கிளினிக் முடிந்து வரும்போதும், "இன்னைக்கி எவ்வளவுக்கா?" என்று கேட்பான். போகும்போது ஐம்பத்தொன்று, வரும்போது நாற்பத்தெட்டு. அவன் அக்கறையாகக் கேட்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்கறைதான். படகு எவ்வளவு அமுங்கும் என்று கணக்குப் போடவும் அந்த எண் வேண்டியிருந்தது.

குண்டும் குழியுமான ஒன்பது கிலோமீட்டரில் த்ரீவீலர் தூக்கிப்போடுகிற ஒவ்வொரு தடவையும் அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். இங்கே கரையில் நின்றால் அக்கரையில் போகிற பஸ்ஸின் நிறம்கூடத் தெரியும்.

துடுப்புப் போட அவனால் முடியாது. ஆறு வருஷத்துக்கு முன் ஸ்டோரில் ரோலர் மெஷின் அவன் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த இரண்டு விரலால் திருகாணி பிடிக்கலாம். துடுப்புப் பிடித்துத் தண்ணீரைத் தள்ள முடியாது. கால்கள் நன்றாக இருந்தன. அதனால் பெடல்.

மெல்லிய பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, ஸ்டோரில் எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்தான். தையலின்மேல் பைபர் துணியும் பசையும் ஒட்டினான். பசை காய்ந்ததும் அது ஒரே உடம்பாகிவிட்டது. பழைய சைக்கிளின் பெடலை நடுவில் பொருத்தினான். பெடல் குறுக்காகச் சுற்றுகிறது. ஆனால் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் விசிறியோ நெடுக்காகச் சுற்ற வேண்டும். சுற்றை ஒரு மூலை திருப்பியாக வேண்டும். அதற்கு நோர்வூட்டில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் இக்ராம், கருகிப்போன கிரைண்டர் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். கிரைண்டரின் தலைக்குள் இருப்பது அதே வேலைதான்: நெடுக்காக வரும் சுற்றைக் குறுக்காகத் திருப்பும் இரண்டு பற்சக்கரங்கள். அதைப் பின்முன்னாக மாட்டினால் போதும். பெடல் ஒரு சுற்று. செயின் அதை மூன்றாக்கும். கிரைண்டர் தலை அந்த மூன்றை ஒன்பதாக்கும். மின்விசிறியின் தகட்டு இலைகளைக் குறுக்கி வெட்டி முனையில் பொருத்தினான்.

முதல் நாள் தண்ணீரில் இறக்கியபோது கீழ்கணக்கே கரையில் கூடியது. அவன் ஏறி உட்கார்ந்து மிதித்தான். படகு பின்னால் போனது. இன்னும் வேகமாக மிதித்தான். இன்னும் வேகமாகப் பின்னால் போய்ச் சேற்றில் குத்தி நின்றது.

"டேய், கிளினிக்குக்குப் போடான்னா வீட்டுக்கு வர்றியே!" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும், அப்படியும் நிறுத்தவில்லை. "பரவால்லடா, திரும்பி ஒக்காந்துக்கிட்டா சரியாப் போயிரும்."

"எம் பொஞ்சாதிய இந்த டின்னுல ஏத்துனே, கொன்றுவேன்," என்று அழகுமுத்து அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிக்காமலும் சொல்லியிருக்கிறார்.

திருத்துவது கஷ்டமில்லை. பெரிய பற்சக்கரம் சின்னதன் இடப்பக்கம் நின்றால் ஒரு திசை. வலப்பக்கம் நின்றால் எதிர்த் திசை. தலையைக் கவிழ்த்து, செயினை மறுபக்கம் மாற்றினான். மூன்று நாள் வேலை. அதற்குப் பிறகு படகு முன்னால் போனது. தனியாக ஒன்பது நிமிஷத்தில் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஒழுகல்தான் தீராத தலைவலி. விசிறியின் தண்டு படகின் உடம்பைத் துளைத்து வெளியே போகிற இடத்தில், பித்தளைக் குழாய்க்குள் கிரீஸ் ஊறிய கயிற்றைச் சுற்றி அடைத்திருந்தான். இறுக்கினால் பெடல் கல்லாகிவிடும். தளர்த்தினால் தண்ணீர் வரும். நிமிஷத்துக்கு ஆறு சொட்டு என்பதுதான் நல்ல நிலை. அதற்குக் கொண்டுவந்துவிட்டான். ஆனால் முன் இருக்கையில் உர மூட்டையை வைத்து ஓட்டியபோது, பாரத்தில் படகின் அடி ஒரு நூல் வளைந்தது. தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. கயிறு வாய் திறந்தது. தண்ணீர் சொட்டாக அல்ல, நூலாக வந்தது. நிமிஷத்துக்கு அரைக் கோப்பை.

அது போன புதன்கிழமை.

வியாழக்கிழமை கிளினிக். அதுவரை நாலு பேர் நாற்காலியில் வைத்து அக்காவைச் சரிவுக்கு மேலே தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மண் மறுபடி இறங்கி, சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். அக்கா சேலை கட்டி, கிளினிக் பையோடு தானாகவே இந்தக் கரைக்கு வந்து நின்றாள்.

"போவமாடா?"

"ஒழுகுதுக்கா. சட்டம் போடணும். அடுத்த கிளினிக்குக்குப் போவலாம்."

"ஒழுகுனா ஒழுகட்டும். நீ மிதி, நான் செரட்டையால எறைக்கிறேன்."

"வெளையாடாதக்கா. நடுவுல கவுந்தா ஒன்னய ஒத்தக் கையால எப்புடிப் புடிப்பேன்?"

அவள் கொஞ்ச நேரம் படகைப் பார்த்தாள். "சரிப்பா. நீ பாத்துப் பாத்துச் செய்யிறவன்," என்று சொல்லிவிட்டுப் பாத்திகளுக்கு நடுவே மெல்ல ஏறிப் போனாள்.

சனிக்கிழமை சட்டம் அடித்துப் பைபர் ஒட்டினான். ஞாயிறு முழுவதும் மழை, பசை காயவில்லை. திங்கட்கிழமை காய்ந்துவிட்டது. அன்றைக்கு அக்காவால் உட்கார முடியவில்லை. இன்றைக்குச் செவ்வாய்.

விஜிதரன் கரைக் கல்லில் உட்கார்ந்தான். காலையிலிருந்து அந்தக் கணக்கு அவனை விடவில்லை. நிமிஷத்துக்கு அரைக் கோப்பை. இரண்டு பேர் பாரத்தில் அக்கரைக்குப் பன்னிரண்டு நிமிஷம். ஆறு கோப்பை. ஆறு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு படகு முழுகாது. பாதங்கள் நனையும், அவ்வளவுதான். புதன்கிழமை அரைக் கோப்பையை மட்டும் பார்த்தான். பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கவில்லை.

மேலே வீட்டில் அவன் முடியாது என்று சொன்னதற்கும் காரணம் ஒழுகல் இல்லை. பெட்டியோடு சேர்த்து இன்றைக்குப் பாரம் அக்காவின் எடையைவிட இருபது கிலோவுக்கு மேல் கூட. அதை இந்தப் படகு ஒழுங்காகக் கொண்டுபோய் அக்கரையில் சேர்த்துவிட்டால், வியாழக்கிழமையும் சேர்த்திருக்கும் என்று ஆகிவிடும். கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் முன்னால் ஆகிவிடும்.

காலடிச் சத்தம் கேட்டது. நிலக்ஷி வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறாள்.

"வினோதா அத்த கோடிச் சேல எடுத்து வச்சிருக்கு. பொங்கலுக்கு வாங்குனதாம். நீங்க வந்துதான் போடணுமாம்."

"வர்றேன்."

அவள் போகவில்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுமா மாமா?"

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. மெஷினைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"ஓடும்."

காற்று தண்ணீரைச் சுருக்கிக்கொண்டு போனது. நிலக்ஷி மஞ்சள் கையைப் பாவாடையில் துடைத்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கும் ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்கும்மா."

அவள் குனிந்து, கால் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தாள். ஒரு கால், பிறகு மறு கால். பிறகு பாத்திகளுக்கு நடுவே ஏறிப் போனாள்.

விஜிதரன் அவள் பின்னாலேயே போனான். இஸ்தோப்பில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் தலைவரிடமும் போகவில்லை, அழகுமுத்துவிடமும் போகவில்லை. பெட்டிக்கு அருகே பீடி குடித்துக்கொண்டிருந்த செல்லசாமியிடம் போனான்.

"பக்கத்து வளையம் ஆறயும் கழட்டிருங்கண்ணே. உள்ள எறங்காது."

செல்லசாமி பீடியை எறிந்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார். உள்ளே அழகுமுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அதன் பிறகு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. விஜிதரனின் மனைவி வினோதா கொடுத்த சேலையை, தாள் ஒட்டிய மடிப்புக் கலையாமல் அவன் அக்காவின்மேல் போர்த்தினான். சுமங்கலியாகப் போகிறவள் என்று பெண்கள் பூவும் பொட்டும் வைத்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். அழகுமுத்துவும் ஏழெட்டு ஆண்களும் மலை வழியாக முன்னாலேயே கிளம்பினார்கள். அவர்கள் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் தண்ணீருக்கு இறக்குவது என்று ஏற்பாடு.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் விஜிதரன் படகின் முன் இருக்கையைக் கழற்றினான். இருக்கை இருந்தால் பெட்டியை அதன்மேல்தான் வைக்க வேண்டும். பாரம் உயரத்தில் இருந்தால் படகு கவிழப் பார்க்கும். அடியிலேயே கிடத்தினால் பாரமே படகைப் பிடித்துக்கொள்ளும். நாலு போல்ட். அக்காவுக்குச் சாய்ந்துகொள்ள வசதியாக முதுகுப் பலகையை மூன்று தடவை மாற்றிப் பொருத்திய இருக்கை அது. இடது கையால் ஸ்பேனரைச் சுற்றி, வலது கையின் இரண்டு விரலால் நட்டைப் பிடித்தான். கடைசி நட்டு துருப்பிடிக்காமலேயே இறுகிக் கிடந்தது. அவன்தான் அப்படி முடுக்கியிருந்தான். அதைக் கழற்ற வெகு நேரம் பிடித்தது. இருக்கையைத் தூக்கிப் புல்லில் வைத்தான். வைத்த பிறகு அதன் முகத்தைத் தண்ணீரிலிருந்து திருப்பி வைத்தான்.

மூன்று மணிக்கு அக்கரையிலிருந்து கைபேசி அழைப்பு வந்தது. ஆறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றில் பெட்டியை இறக்கினார்கள். பக்கத்துக்கு முக்கால் அங்குலம். உரசாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே," என்றார் செல்லசாமி. சொன்ன பிறகு விஜிதரனை ஒரு பார்வை பார்த்தார்.

பெண்கள் தண்ணீர் விளிம்பில் நின்றுவிட்டார்கள். நிலக்ஷி மட்டும் முழங்கால் வரை இறங்கி வந்து, பெட்டியின் மூடிமேல் கை வைத்தாள். "மாமா கூட வர்றாரும்மா," என்றாள், வகுப்பில் ஒரு பிள்ளையை முதல்நாள் உட்கார வைக்கிற குரலில். பிறகு கையை எடுத்தாள். தப்பு ஓங்கி அடிக்கத் தொடங்கியது.

விஜிதரன் மிதித்தான்.

முன்பக்கம் அமுங்கி, படகு தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு நேராகப் போனது. பாரம் சேர்ந்தால் பெடல் கனக்கும் என்று எதிர்பார்த்தான். முதல் பத்துச் சுற்று கனத்தது, பிறகு வேகம் பிடித்ததும் இலகுவாகிவிட்டது. விசிறி முழுவதும் ஆழத்தில் இருந்ததால் காற்றைக் குடிக்காமல் தண்ணீரை மட்டும் தள்ளியது. தனியாக ஓட்டியபோது இருந்த ஆட்டம் இல்லை. இரண்டு பேர் பாரத்துக்கென்று கட்டிய படகு, இரண்டு பேர் பாரத்தில்தான் சரியாக ஓடும் என்பது அவனுக்கு இப்போது தெரிந்தது.

தப்புச் சத்தம் பின்னால் மெலிந்துகொண்டே வந்தது. நடுத் தண்ணீரில் அது நின்றுபோனது போல் இருந்தது. செயின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் குனிந்து தண்டின் வாயைப் பார்த்தான். ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. எண்ணினான். பத்து எண்ணிய பிறகு இன்னொரு சொட்டு. நிமிஷத்துக்கு ஆறு. சனிக்கிழமை அடித்த சட்டம் ஒரு நூலும் வளையாமல் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஒழுகு," என்றான் சத்தமாக.

ஒரு சொட்டு விழுந்தது.

வேண்டுமென்றே வேகமாக மிதித்தான். அடி அதிர்ந்தால் கயிறு வாய் திறக்கலாம். திறக்கவில்லை. மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, சட்டைக்குள் வியர்வை ஓடியது. ஒரு கோப்பை வந்தால் போதும். நூலாக ஒரு தடவை வந்தால் போதும், இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் கையால் செய்த எதுவும் இவ்வளவு சுத்தமாக ஓடியதில்லை. கண்ணில் நீர் மறைத்ததால் துடைத்துவிட்டுப் பார்த்தான். படகின் அடி காய்ந்து கிடந்தது.

அக்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். இக்ராம் தொப்பியோடு கொஞ்சம் ஒதுங்கி நின்றார். அழகுமுத்து மலையேறி வந்த சேறு முழங்கால்வரை அப்பியிருக்க, எல்லாருக்கும் முன்னால் தண்ணீர் விளிம்பில் நின்றார். படகு கிட்டே வர வர அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்தார்.

"மெதுவா, மெதுவா," என்று யாரோ கத்தினார்கள். முன்முனை மென்மையாகச் சேற்றில் ஏறி நின்றது.

"அல்லாஹ்வே, பன்னெண்டு நிமிஷந்தான்," என்றார் இக்ராம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். பாரம் போனதும் முன்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழுந்தது. தோள் கொடுத்து, கரையேறி, தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் திரும்பினார்கள். விஜிதரன் இறங்கவில்லை. மிதித்துக்கொண்டிருந்தான். பின்னால் விசிறி சேற்றைக் கிளறிக் கிளறி மேலே கொண்டுவந்தது. படகைச் சுற்றிலும் தண்ணீர் தேத்தண்ணி நிறமாகிப் பரவியது.

அழகுமுத்து படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் நடந்து வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். ஏறி இறங்கிக்கொண்டிருந்த விஜிதரனின் முழங்காலின்மேல் கையை வைத்தார். கையும் காலோடு சேர்ந்து இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியது.

"மாப்ள," என்றார்.

அவர் கையை எடுக்கவில்லை.